ஜெட் வெளிக்கிட முன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நுரைப் பலகையில் செய்யும் கிளைடர் பற்றி எழுதினேன், வந்த கேள்விகளோ பெரும்பாலும் ஜெட் பற்றியவை. வெளிநாட்டில் இருந்து வரும் பொதிகளில் இப்போது சொக்லேற்றோடு மாதிரி விமானங்களும் வருகின்றன போலிருக்கிறது. சரி, இந்த மாதம் முழுக்க ஜெட்தான். ஒரே விதமான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, கனடாவில் இருந்து வந்த மாமா 70 மில்லிமீற்றர் விசிறி உள்ள ஈ.டி.எஃப். (குழாய்க்குள் சுற்றும் மின்விசிறி) ஜெட் ஒன்று தந்தார். பூட்டி முடித்துவிட்டேன். இதுவரை நுரையில் செய்த பயிற்சி விமானம்தான் ஓட்டியிருக்கிறேன், அதைத் தனியாக ஏற்றி இறக்குவேன். வருகிற ஞாயிறு வல்லை வெளியில் முதல் பறப்பு வைக்கலாம் என்று இருக்கிறோம். அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? (உயர்தர மாணவர், நெல்லியடி)

பதில்: தம்பி, பூட்டி முடித்தது பாதி வேலைதான். உங்கள் இடத்தில் நான் என்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுவேன். முதல் பறப்பில் விழுகிற ஜெட்களில் கனக்க, ஓட்டத் தெரியாததால் விழுவதில்லை. மேசையில் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்க வேண்டிய ஒரு பிழை வானத்தில் போய்ப் பிடிபடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் பயிற்சி விமானத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம் இல்லை. அதில் மூக்கில் சுற்றுகிற ப்ரொப்பெல்லர் காற்றை வால் மேல் அடிக்கிறது, ஆகவே விமானம் மெல்ல நகரும்போதே எலிவேற்றரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) றடரும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்) வேலை செய்யத் தொடங்கிவிடும். ஜெட்டில் அந்தக் காற்று குழாய்க்குள்ளால் போய் நேரே பின்னால் வெளியேறிவிடும், வாலுக்கு ஒன்றும் கிடைக்காது. ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்வரை எலிவேற்றர் இருந்தும் இல்லாத மாதிரி. இறங்கும்போது இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்துவிட்டு, ஐயோ பதிந்துவிட்டது என்று மோட்டர் சக்தியைக் கூட்டும் த்ரொட்டிலைத் தள்ளினால் விசிறி சுழன்று எழும்ப நேரம் எடுக்கும், எழும்பினாலும் விமானம் முன்னுக்கு நகர்ந்து வேகம் சேர்த்த பிறகுதான் இறக்கை தூக்கும். இந்த ஒன்று மனதில் பதிந்தால், கீழே நான் சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கும்.

மேசையில் தொடங்குங்கள். பற்றரி கொழுவாமல் அசையும் மடல் ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள், பிணைச்சல் கழன்று கையோடு வந்தால் இப்போதே வரட்டும். மடலை அசைக்கும் சின்ன மோட்டரான சேர்வோவின் கம்பி நுனியில் உள்ள கவ்விகள் திறந்துவிடாமல் சிறிய ரப்பர் வளையம் போட்டிருக்கிறதா, சேர்வோக் கையின் நடு ஸ்குரு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்குருவை உற்பத்திசெய்தவன் பூட்டியிருப்பான் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிறகு மின் இணைப்புக் கொடுத்து, விமானத்தின் பின்னால் நின்று திசைகளைப் பாருங்கள், முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் குழம்பும். ரேடியோவில், அதாவது கையில் பிடித்து ஓட்டும் கருவியில், ஸ்ரிக்கை வலம் தள்ளினால் வலது எய்லரன் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மேலே எழும்ப வேண்டும், இடது கீழே போக வேண்டும். எலிவேற்றர் ஸ்ரிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் மடல் மேலே. றடர் வலம் என்றால் முன்சக்கரமும் வலம். ஒருமுறை நீங்கள் பாருங்கள், பிறகு இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தான் பூட்டியதைத் தானே பார்க்கும்போது கண் சரி என்றுதான் சொல்லும்.

மடல் எவ்வளவு அசைய வேண்டும் என்பது கையேட்டில் மில்லிமீற்றரில் இருக்கும். அடிமட்டத்தால் அளந்து வையுங்கள், கண்மட்டம் வேண்டாம். ரேடியோவில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 வீதம் அளவில் வைத்தால் ஸ்ரிக்கின் நடுப்பகுதி மிருதுவாகும். ஆனால் ஒன்று: ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் மிருதுவாக்கக் கூட்டல் இலக்கம் போட வேண்டும், ஃபுட்டாபாவில் கழித்தல். மாற்றிப் போட்டால் நடுவில் தொட்டவுடன் துள்ளுகிற விமானம் கிடைக்கும். திரையில் வருகிற வளைகோடு நடுவில் படுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், எந்தக் கொம்பனி என்பது பிரச்சினையில்லை.

சக்கரங்களை விறாந்தையில் பார்க்கலாம். சீமெந்துத் தரையில் மெல்லத் தள்ளிவிடுங்கள், ஒரு பக்கமாக இழுக்காமல் நேரே போக வேண்டும். பக்கவாட்டில் இருந்து பாருங்கள், மூக்கு தாழ்ந்து நிற்கிறதா? தாழ்ந்து நின்றால் ஓடும்போது இறக்கை காற்றைக் கீழ்நோக்கி வெட்டும், வாலில் காற்றடிப்பு இல்லாத ஜெட்டுக்கு மூக்கைத் தூக்கவே வேகம் போதாமல் போகும், ஓடுபாதை முடிந்துவிடும். மூக்கு மட்டமாக, அல்லது ஒரு சொட்டு உயர்ந்து நிற்க வேண்டும். முன்சக்கரத்தின் திருப்பத்தையும் குறைத்து வையுங்கள், வேகத்தில் அது கொஞ்சம் திரும்பினாலே விமானம் குடைசாயும்.

அடுத்தது சக்தி. ரேடியோவை முதலில் போடுங்கள், பிறகுதான் விமானத்தின் பற்றரி, நிறுத்தும்போது எதிர்மாறு. த்ரொட்டிலை வெட்டும் சுவிட்ச் ஒன்றை ரேடியோவில் ஒதுக்கி, கை தானாக அங்கே போகும்வரை பழகுங்கள். விமானத்தின் வாலை ஒரு கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சூட்கேஸ் நிறுக்கும் தொங்கு தராசில் கொழுவுங்கள் (வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள வீட்டில் அந்தத் தராசு இல்லாமல் இருக்காது). தராசை அசையாத ஒன்றில் கட்டிவிட்டு முழு த்ரொட்டில் சில நொடி கொடுத்தால் உந்துவிசை எத்தனை கிலோ என்று காட்டும். விமானத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது இல்லை என்றால் புல்லில் ஓடி எழும்புகிற எண்ணத்தை விடுங்கள். இதைச் செய்யும்போது விசிறிக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது, இதழ் ஒன்று உடைந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். கீழே படங்கு ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் பாரம் வையுங்கள். நம் செம்மண் தூசும் சின்னக் கல்லும் விசிறிக்குள் போனால் சத்தத்திலேயே தெரியும், பிறகு அதிர்வு வரும்.

அம்பியர் மீற்றர் இருந்தால் அதையும் இடையில் போடுங்கள். 70 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றரியை இணைக்கும் எக்ஸ்.ரி. 60 கொனெக்ரர் 60 அம்பியருக்கு உரியது, ஆகவே எக்ஸ்.ரி. 90க்கு மாற வேண்டும். இன்னொரு கணக்கும் அதிலேயே வரும். 4000 மில்லி அம்பியர் மணி பற்றரியில் 70 அம்பியர் தொடர்ந்து எடுத்தால் மூன்றரை நிமிடம்கூட வராது, அதிலும் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் விட வேண்டும். பறக்கும்போது முழு த்ரொட்டில் எப்போதும் இருக்காதுதான், ஆனாலும் முதல் நாள் ரேடியோக் கடிகாரத்தை இரண்டரை நிமிடத்துக்கு வையுங்கள். இறக்கி ஆறவிட்டு அளந்தால் ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட்டுக்கு மேலே நிற்க வேண்டும். நிறைய மிச்சம் இருந்தால் அடுத்த முறை கூட்டலாம்.

கடைசியாக ரேடியோ. விமானத்துக்குள் இருந்து சமிக்ஞை வாங்கும் றிசீவரின் இரண்டு அன்ரனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, காபன் குழாய்க்கும் பற்றரிக்கும் தள்ளி இருக்கட்டும். ரேடியோவில் தூரச் சோதனை என்று ஒரு நிலை இருக்கும், சக்தியைக் குறைத்து அனுப்பும். அதில் வைத்துக்கொண்டு 30 எட்டு நடந்து போய் எல்லா மடலும் தடங்கலின்றி அசைகிறதா என்று பாருங்கள், மோட்டர் நிற்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை. அப்புறம் விமானத்தை ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்க, மோட்டரை மெதுவாக ஓடவிட்டு ரேடியோவை நிறுத்துங்கள். விசிறி உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (ரேடியோத் தொடர்பு அறுந்தால் மோட்டரை நிறுத்தும் ஏற்பாடு) சரியாகப் பதியவில்லை, அந்த விமானம் வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது.

இவ்வளவும் சரி என்றால் பறப்பு எளிது. காற்றுக்கு எதிராக, ஃப்ளப்பை (இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்கும் மடல்) அரைவாசி இறக்கி, த்ரொட்டிலைப் படிப்படியாகக் கொடுத்து ஓடவிடுங்கள். தரையைவிட்டதும் செங்குத்தாக இழுக்க வேண்டாம், வேகம் சேரட்டும். நல்ல உயரம் போனபின் அரை த்ரொட்டிலில் நேராகப் பறக்கிறதா என்று பார்த்து ட்ரிம் (மடலின் நடுநிலையைச் சிறிது திருத்துவது) பண்ணுங்கள். சக்கரத்தை முதல் பறப்பில் உள்ளே இழுக்க வேண்டாம், போன சக்கரம் திரும்பி வராவிட்டால் அன்றே விமானத்தின் வயிறு தேயும். உலகின் முதல் ஜெட் விமானமான ஹெய்ன்கெல் ஹெச்.இ. 178, 1939 ஓகஸ்ட் 27 அன்று சக்கரம் வெளியே இருக்கத்தான் பறந்தது, உங்களுடையதும் பறக்கும். உயரத்தில் வைத்தே ஃப்ளப் முழுவதும் இறக்கி, வேகத்தை மெல்லக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை சரிகிறது என்று பார்த்து வையுங்கள், அதைவிட வேகமாகத்தான் இறங்க வேண்டும். இறங்கும்போது த்ரொட்டிலை முழுதாக மூடாமல் விசிறியைச் சுற்றவிட்டே கொண்டுவாருங்கள், சக்கரம் தரையைத் தொடும்வரை.

வல்லை வெளி பற்றிக் கீழே இன்னொருவரும் கேட்டிருக்கிறார், அங்கே பாருங்கள்.

கேள்வி: கையேட்டில் புவியீர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பில் இருந்து 85 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. பற்றரியை முடிந்தவரை முன்னுக்குத் தள்ளியும் வால்தான் தாழ்கிறது. ஈயம் வைக்கலாமா? வைத்தால் பாரம் கூடும் என்று நண்பர் வேண்டாம் என்கிறார். (கொக்குவில்)

பதில்: வால் கனத்த ஜெட்டைவிடப் பாரம் கூடிய ஜெட் ஆயிரம் மடங்கு நல்லது. மூக்குக் கனத்தால் மந்தமாகப் பறக்கும், இறங்கும்போது மூக்கைத் தூக்கக் கஷ்டப்படும், ஆனால் வீட்டுக்கு வரும். வால் கனத்தால் எழும்பியவுடன் மூக்கு வானத்தைப் பார்க்கும், நீங்கள் ஸ்ரிக்கைத் தள்ளுவீர்கள், அது தலைகீழாகக் குத்தும், நீங்கள் இழுப்பீர்கள். அதோடு சரி. முதல் பறப்புக்குக் கையேட்டு அளவைவிட ஐந்து மில்லிமீற்றர் முன்னுக்கே வைப்பதுதான் என் வழக்கம்.

ஆனால் ஈயம் தேடப்போக முன் அளந்தது சரியா என்று பாருங்கள். அந்த 85 எங்கிருந்து அளப்பது? பின்னுக்கு வளைந்த இறக்கையில் உடலோடு ஒட்டுகிற இடத்தில் ஒரு அளவு வரும், நுனிப் பக்கம் போனால் வேறு அளவு வரும். கையேட்டுப் படத்தில் அம்புக்குறி எங்கே தொடங்குகிறது என்று வடிவாகப் பாருங்கள். மேல் மூடி போட்டு, பற்றரி உள்ளே வைத்து, சக்கரம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதோ அந்த நிலையில் அளக்க வேண்டும், முன்சக்கரம் பின்னால் மடிகிற விமானத்தில் இது கணிசமாக மாறும். இறக்கை உடலின் கீழ்ப்பக்கம் உள்ள விமானம் என்றால் தலைகீழாகப் பிடித்து அளந்தால்தான் விரலில் ஆடாமல் நிற்கும்.

அப்படியும் வால் தாழ்ந்தால், பெரிய பற்றரி ஒன்று போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வெறும் பாரத்தைவிட வேலை செய்கிற பாரம் நல்லதல்லவா. மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கொன்ட்ரோலரை முன்னுக்கு நகர்த்தவும் முடியலாம், ஆனால் பற்றரிப் பக்க வயரை நீட்ட வேண்டாம், மோட்டர் பக்க மூன்று வயரையும் நீட்டுவது பரவாயில்லை. இவை ஒன்றும் சரிவராவிட்டால் ஈயம்தான். குருநகர்ப் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் வலைக்குக் கட்டுகிற ஈயமணி வாங்கலாம், சிறிது சிறிதாகக் கூட்ட வசதி. மூக்கின் நுனிக்கு எவ்வளவு கிட்ட வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாகத் தேவைப்படும். நாடாவால் ஒட்டிவிட்டு விடாதீர்கள், எப்பொக்சியில் புதைத்துவிடுங்கள். வானத்தில் ஈயம் உருண்டு பின்னால் போனால் என்ன நடக்கும் என்று மேலே எழுதியாகிவிட்டது.

கேள்வி: என் மகன் இந்த ஜெட் பற்றரியைப் படுக்கை அறையில் இரவு முழுக்கச் சார்ஜ் போடுகிறான். தீப்பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. உண்மையா? (மானிப்பாயில் இருந்து ஒரு தாய்)

பதில்: உண்மைதான் அக்கா. பயப்பட வேண்டியது பற்றரிக்கு இல்லை, அதைப் படுக்கை அறையில் ஆளில்லாமல் சார்ஜ் போடுவதற்கு. இது கைப்பேசிப் பற்றரியைவிடப் பல மடங்கு சக்தி உள்ள லித்தியம் பொலிமர் பற்றரி, கைப்பேசிக்குள் இருக்கிற பாதுகாப்புச் சுற்று இதற்குள் இல்லை. மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: சார்ஜ் போடுவது விறாந்தையில், சீமெந்துத் தரையில், அவன் முழித்து அங்கேயே இருக்கும்போது மட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன்படுத்துகிற சார்ஜரில், 4000 பற்றரிக்கு 4 அம்பியருக்கு மேலே போகாமல். செல் ஒன்று 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. பறக்காத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும், முழுதாக ஏற்றி மாதக்கணக்கில் அலுமாரியில் வைத்தால் ஊதிக்கொள்ளும். ஊதின பற்றரியை இன்னும் ஒருமுறை பாவிக்கலாம் என்று அவன் சொன்னால் நம்ப வேண்டாம். நம்மூர் வெயிலில் பூட்டிய வானுக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவதும் கூடாது.

பிள்ளையைத் தடுக்காதீர்கள், இடத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: பறப்பதற்கு எந்த மாதம் நல்லது? வல்லை வெளி, மணற்காடு, காரைநகர் என்று ஆளுக்கு ஒரு இடம் சொல்கிறார்கள். (பருத்தித்துறை)

பதில்: மாதத்தை முதலில் சொல்கிறேன். வைகாசியில் இருந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கினால் ஆவணி கடந்தும் ஓயாது, அந்த நாட்களில் பத்து மணிக்குப் பிறகு முதல் பறப்பு வைப்பது வீண் துணிச்சல். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தையில் வாடைக்காற்று ஒரே சீராக அடிக்கும், ஆனால் வடமராட்சியில் அப்போது வானம் முழுக்கப் பட்டம். பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி நடக்கும், அதற்கு முன்னும் பின்னும் பல நாட்களுக்குப் பிராந்து, எட்டுமூலைப் பட்டங்கள் விண் (ஒலி எழுப்பும் நாண்) கூவிக்கொண்டு நிற்கும், இரவிலும் இறக்க மாட்டார்கள். பட்டம் தெரியும், நூல் தெரியாது. ஜெட் நூலில் பட்டால் உங்கள் விமானமும் போய்ப் பட்டக்காரரோடு சண்டையும் வரும். என்னைக் கேட்டால் மாசி கடைசியில் இருந்து சித்திரை வரை, விடிந்து வெயில் ஏற முன், காற்று அசையாத நேரம்.

இடம் என்றால் ஜெட்டுக்கு இரண்டு வேண்டும், கெட்டியான தரையும் நீளமும். அதன் சக்கரம் சின்னது, மணலில் புதையும், உயர்ந்த புல்லில் ஓடாது. மணற்காட்டு மணல்மேடு கிளைடருக்குச் சொர்க்கம், ஜெட்டுக்கு ஆகாது. காரைநகர்க் கடற்கரையில் சனம். வல்லை வெளி பார்க்க அகலமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவால் பருத்தித்துறை வீதி போகிறது, வாகனம் ஓயாத வீதி. வீதியை முதுகுக்குப் பின்னால் வைத்து, எக்காரணம் கொண்டும் அதன் மேலால் பறக்காமல் இருக்க முடியுமா என்று முதலே நடந்து பாருங்கள். காய்ந்து இறுகிய தரவை (பயிர் செய்யாத வெட்டவெளி) ஒன்று கிடைத்தால் அதுதான் நல்லது, மாட்டுக் குளம்பு பதிந்த கிடங்குகளை நிரவிவிட்டு. பனங்கூடல் பக்கம் வேண்டவே வேண்டாம், வட்டுக்குள் சிக்கினால் மரம் சீவுகிற ஒருவரைத் தேடிப் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கும், அவர் இறக்கித் தருவதற்குள் ஊரே கூடிவிடும். முகமாலைப் பக்கம் போகிறவர்களுக்கு: கண்ணிவெடிப் பலகை உள்ள இடத்துக்குள் விமானம் விழுந்தால் அது போனதுதான், எடுக்கப் போகாதீர்கள்.

கேள்வி: ஜைரோ போட்ட றிசீவர் இருந்தால் முதல் பறப்புக்குப் பயமில்லை என்கிறார்களே? (சாவகச்சேரி)

பதில்: ஜைரோ என்றால் விமானம் சரிவதை உணர்ந்து மடலைத் தானே அசைக்கும் கருவி. சரியாகப் பொருத்தினால் காற்றுக்கு நல்ல துணை. பிழையாகப் பொருத்தினால் உங்களை எதிர்த்து ஓட்டுகிற இரண்டாவது ஆள். விமானத்தைக் கையில் தூக்கி, ஸ்ரிக்கைத் தொடாமல் பாருங்கள். மூக்கைச் சட்டென்று உயர்த்தினால் எலிவேற்றர் கீழே இறங்க வேண்டும். வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்தினால் வலது எய்லரன் கீழே போக வேண்டும். மூக்கை இடம் திருப்பினால் றடர் வலம். ஒன்று மாறினாலும் பறக்க வேண்டாம். வால் கனத்ததை ஜைரோ திருத்திவிடும் என்று நினைத்து மேலே சொன்ன ஈயத்தைத் தவிர்க்காதீர்கள். ஜைரோவை நிறுத்தவும் போடவும் ஒரு சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன். மருமகனுக்கு 6 செல் 5000 பற்றரி இரண்டும் ஒரு றிசீவரும் கொண்டுவரலாமா? (ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: கொண்டுவரலாம், சூட்கேசுக்குள் இல்லை. தனியாகக் கொண்டுவருகிற லித்தியம் பற்றரி கையில் எடுத்துவரும் பையில்தான் வர வேண்டும். கணக்கு இப்படி: 6 செல் என்றால் 22.2 வோல்ட், அதை 5 அம்பியர் மணியால் பெருக்கினால் 111 வாட் மணி. 100க்கு உட்பட்டால் பொதுவாகக் கேட்காமலே கொண்டுவரலாம், 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமானக் கொம்பனியின் அனுமதி வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 4000 பற்றரி வாங்கினால் 88.8தான் வரும், தலையிடி இல்லை, மருமகனின் விமானத்துக்கு அது போதுமா என்று கேளுங்கள். கொனெக்ரர் முனைகளை நாடாவால் மூடி, பாதி சார்ஜில், தனித்தனிப் பையில் கொண்டுவாருங்கள்.

றிசீவர் வாங்க முன் அவரிடம் உள்ள ரேடியோ எங்கே விற்றது என்று கேளுங்கள். எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான், ஆனாலும் சில கொம்பனிகளில் ஐரோப்பாவுக்கு விற்றதும் வட அமெரிக்காவுக்கு விற்றதும் ஒன்றோடொன்று பேசாது. லண்டன் சித்தப்பா தந்த ரேடியோவும் கனடா மாமா தந்த றிசீவரும் என்று நம் வீடுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

கேள்வி: அளவெட்டியில் எங்கள் தோட்டக் காணி நல்ல அகலம். சொந்தக் காணியில் ஏற்றுவதற்கும் யாரிடமாவது கேட்க வேண்டுமா? (அளவெட்டி)

பதில்: கேட்க வேண்டும். காணி உங்களுடையது, அதன் மேலே உள்ள வானம் உங்களுடையது இல்லை. பலாலியில் 2019 ஒக்டோபர் 17 அன்று திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் இயங்குகிறது, அளவெட்டி அதற்குக் கிட்ட. பயணிகள் விமானம் தாழ்ந்து வருகிற பக்கத்தில் பொம்மை ஜெட் ஏற்றுவது சின்னக் குற்றம் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லா விமானங்கள் நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டதும் நினைவிருக்கும், அந்தக் காலத்தில் இருந்து பாதுகாப்புத் தரப்பு இதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு எழுதி, இடத்தையும் விமானத்தின் எடையையும் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரேடியோ வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் கேளுங்கள். பறக்கிற அன்று அந்தப் பகுதிப் பொலிசுக்குச் சொல்லிவிட்டுப் போவது உங்களுக்கே பாதுகாப்பு. இராணுவ முகாம் கண்ணில் படுகிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள், வாதாடிப் பயனில்லை. நீங்கள் பலாலியில் இருந்து தள்ளி, தென்மராட்சிப் பக்கம் யாராவது நண்பரின் வயலைக் கேட்பது நல்லது, மாசியில் அறுவடை முடிந்த வயல்.

கேள்வி: மின்விசிறி வேண்டாம், உண்மையான மண்ணெண்ணெய் ஜெட் எஞ்சின் வாங்க ஆசை. (பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊரில் இந்த ஆசை வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் இது அந்த வகை விளையாட்டு இல்லை. மண்ணெண்ணெயில் 5 வீதம் அளவு சிறப்பு எண்ணெய் கலக்க வேண்டும், எஞ்சின் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுற்றும், பின்னால் வருகிற வாயு 500 பாகைக்கும் மேலே சுடும். எரிபொருள் குழாயில் ஒரு காற்றுக் குமிழி போனால் வானத்திலேயே அணைந்துவிடும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் பக்கத்தில் ஒருவர் காபனீரொக்சைட்டுத் தீயணைப்பானோடு நிற்க வேண்டும், தூள் அடிக்கிற வகை எஞ்சினைக் கெடுத்துவிடும். விலையும் நல்ல மோட்டார் சைக்கிள் விலைக்குக் குறையாது. மின்விசிறி ஜெட்டைக் காற்றிலும் ஒழுங்காக இறக்கப் பழகிய பிறகு எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன். எஞ்சினியரிங் படிக்கிறீர்கள் என்றால் எஞ்சினை மேசையில் பூட்டி உந்துவிசை அளக்கிற திட்டம் ஒன்று செய்யலாம், விழுவதற்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: முதல் பறப்பை வீடியோ எடுக்கத் தம்பி கைப்பேசியோடு நிற்பான். எங்கே நிறுத்துவது? (உடுப்பிட்டி)

பதில்: உங்களுக்குப் பின்னால், ஒரு பக்கமாக. ஓடுபாதையின் மறுபக்கம் நின்றால் நல்ல படம் வரும் என்று அவன் கெஞ்சுவான், விடாதீர்கள். உண்மையில் படத்தை வேறு யாராவது எடுக்கட்டும். தம்பியை உங்கள் தோளோடு நிறுத்தி நேரம் சொல்லச் சொல்லுங்கள், ‘ஒரு நிமிடம்’, ‘இரண்டு நிமிடம்’, ‘வலப்பக்கம் மாடு வருகிறது’ என்று. உங்கள் கண் விமானத்தை விட்டு எடுபடக்கூடாது. சாம்பல் நிற ஜெட் என்றால் இறக்கையின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் அகலமான கறுப்பு அல்லது சிவப்பு நாடா ஒட்டிக்கொண்டு போங்கள், மப்பு வானத்தில் எது மேல் எது கீழ் என்று அதுதான் காட்டும்.